கடைமடை

எங்க சின்னம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் பழகியவள். பிறகு பயராபீசில் சரம் பின்னினாள். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தபின் திரி வைக்கிற வேலைக்கு மாறினாள். திரி வைக்கக் கண் அவ்வளவாகத் தேவையில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் பார்க்கும். திரி உள்ளே இறங்கிவிட்டதா, தொளதொளவென்று நிற்கிறதா என்பதெல்லாம் விரல் நுனிக்குத்தான் தெரியும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்த நுனியை வைத்துத்தான் அவள் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள்.

அந்த நுனி இப்போது மரத்துப்போய்விட்டது.

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாதம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “வலிக்கலயே தாயி. வலிச்சாத்தான நோவு” என்றாள் பின்னால். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இதுதான் கணக்கு. வலித்தால் வீடு, வலிக்காவிட்டால் ஆபீஸ் வண்டி. மார்புப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது எம்.ஏ. படித்த எனக்கே அப்போது தெரியாது. சங்க இலக்கியத்தில் முலைக்கு எத்தனை உவமை உருப்போட்டிருப்பேன்! அதில் கட்டி வந்தால் எங்கே போய்க் காட்டணும்னு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. வலியில்லாத கட்டி, அக்குளில் நெறி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியான சருமம். இதில் எது இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

“பட்டாசு மருந்தாலதான் வந்துச்சுன்னு எழுதுங்க தோழர்” என்று ஒரு தம்பி சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டாசு ஆலை இல்லாத சென்னையிலும் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் மார்புப் புற்றுதான் முதலிடம். முதலாளிமார் மேல் சொல்ல 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் கருகிய 38 பேர் இருக்கிறார்கள். நிரூபிக்க முடியாததை நான் ஏன் சேர்க்கணும்?

மதுரையில் மார்பை எடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் உதவியது. பஸ் செலவுக்கும் போன கூலிக்கும் அட்டை ஏது? முதல் நாலு தடவை சிவப்பு மருந்து. வாந்தி, முடி கொட்டல். அடுத்து வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடவை பாக்லிடாக்செல். அமெரிக்காவில் ஒரு மரப்பட்டையிலிருந்து முதலில் எடுத்த மருந்து அது. வாந்தி குறைந்ததே என்று சந்தோஷப்பட்டோம். ஆறாவது வாரம், “காலுக்கடியில சாக்கு ஒட்டுன மாதிரி இருக்கு” என்றாள். பத்தாவது வாரம் ஜாக்கெட் கொக்கியைப் பிடிக்க முடியவில்லை.

இதைப் பின்னால்தான் படித்துப் புரிந்துகொண்டேன். செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் இருக்கும் நுண்குழாய்கள்தான் இழுத்துப் பிரிக்கும். இந்த மருந்து அந்தக் குழாய்களை விறைக்க வைத்துவிடுகிறது. புற்றுச் செல் பிரிய முடியாமல் சாகிறது. ஆனால் நரம்புக்கும் அதே குழாய்தான் வாய்க்கால். முதுகுத்தண்டு ஓரத்திலிருந்து விரல் நுனிவரைக்கும் சத்து அந்த வழியாகத்தான் போகணும். வாய்க்கால் கெட்டால் முதலில் காய்வது கடைமடை. கால்விரல், பிறகு கைவிரல். எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் கடைமடைத் துண்டு எந்தத் தெருக்காரர்களுடையது என்று இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் விரல் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. “சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாகளோன்னு பயம்” என்றாள். சொல்லியிருந்தால் அளவைக் குறைத்தோ தள்ளிப்போட்டோ கொடுத்திருக்க முடியும். ஊசி முடிந்த பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம், பிறகு மெல்லக் குறையலாம், சிலருக்கு மிச்சம் நின்றுவிடும் என்றும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒரு சத்து மாத்திரைச் சீட்டுத்தான் கிடைத்தது. பி12 குறைவாக இருந்தால் ஒழிய அந்த மாத்திரை இந்த மரப்பைத் தீர்க்காது. சர்க்கரை இருந்தால் மரப்பு கூடும், அதையும் பார்க்கணும். எரிச்சலுக்கும் குத்தலுக்கும் ஆராய்ச்சியில் ஓரளவு நிலைத்து நின்ற மருந்து டுலாக்செட்டின் ஒன்றுதான். அதை டாக்டர் சொல்லித்தான் தொடங்கணும், சட்டென்று நிறுத்தக் கூடாது. அது எரிச்சலைக் குறைக்கும், மரத்த விரலுக்கு உணர்ச்சி தராது.

ஒருநாள் கொதிக்கிற உலைமூடியை வெறுங்கையால் தூக்கிவிட்டாள். தோல் கருகின வாடை வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்து, “பெருநோயா இருக்குமோ” என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். மறுநாள் சின்னம்மா தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். டீக்கடையில் தனி கிளாசில் குடித்து வளர்ந்தவள், அதை எதிர்த்து நாங்கள் மறியல் செய்தபோது கூட வந்து உட்கார்ந்தவள், சொந்த அடுப்படியில் தனி டம்ளர் வைத்தாள். நான் அதை எடுத்து அதிலேயே தண்ணி குடித்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

வழி காட்டியது தொழுநோய் ஒழிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அய்யாதான். தொழுநோயில் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் ஆறாமல் விட்ட காயம்தான் தின்கிறது என்பதை 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னார். அந்த அறிவு நம் மாவட்டங்களில் பழைய ஊழியர்களிடம் இன்னும் இருக்கிறது. அய்யா சொன்னது இவ்வளவுதான்: ராத்திரி விளக்கு வைத்துப் பாதத்தைக் கண்ணால் பார். சுடுதண்ணியை முழங்கையால் தொட்டுப் பார். வெறுங்காலோடு நடக்காதே, எம்.சி.ஆர். செருப்புப் போடு. உணர்ச்சி போன இடத்தில் கண்ணைக் காவல் வை.

பயராபீசில் ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நழுவுகிற விரலோடு மருந்துக்குப் பக்கத்தில் உட்காருவது மற்றவர்களுக்கும் ஆபத்து என்று போர்மேன் அனுப்பிவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் அனுப்பிய பிறகு என்ன? வெடித்துக் கை போனால் நஷ்டஈடு கேட்டு மறியல் செய்ய முடிகிறது. கை இருந்தும் நுனி போனவளுக்கு எந்த ஆபீஸ் வாசலில் உட்காருவது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவருக்குக் கையில் காலில் உணர்ச்சி போயிருந்தால் அது கணக்கில் வரும். வரவேண்டியதுதான். அதே உணர்ச்சி புற்றுநோய் மருந்தால் போயிருந்தால் அந்த 21இல் அதன் பெயர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த மனுவை வாங்கியவர், “விரல் முழுசா இருக்கேம்மா” என்றார். சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். திரி வைக்கிற கை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

சாயந்திரம் சின்னம்மா சுளகில் பயறுகளைக் கலந்து போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரித்துப் பழகுகிறாள். கொண்டைக்கடலை தெரிகிறது. தட்டாம்பயறு பாதிக்குப் பாதி. உளுந்து இன்னும் தெரியவில்லை.