சாகாமக் குளக்கட்டுக் குறிப்புகள்

வெயில் ஏற முன். குளத்துக்குள் நிற்கும் பட்ட மரத்தில் சாம்பல்தலை மீன்கழுகு. உடம்பு அசையவில்லை, தலை மட்டும் ஓயாமல் திரும்புகிறது. கழுகின் கண் நம்முடையதைப் போல உருளாது. எலும்பு வளையம் தாங்கும் பெரிய விழி. பார்வை திரும்ப, கழுத்துத்தான் திரும்ப வேண்டும்.

*

விழித்திரையில் பார்வை கூராகும் குழி நமக்குக் கண்ணுக்கு ஒன்று. கழுகுக்கு இரண்டு. ஆழமானது பக்கவாட்டில் தூரத்தைப் பார்க்கும். மற்றது முன்னால், கால் நீட்டிப் பிடிக்கும் நேரத்துக்கு. தூரத்து இரையைத் தெளிவாகக் காணத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பாய்ச்சலில் திருப்பினால் காற்று தடுக்கும். அதனால் பைரி என்ற வேட்டைப்பறவை தலையை நேரே வைத்துச் சுருள் பாதையில் நெருங்குகிறது என்று ஆய்வாளர் வான்ஸ் டக்கர் 2000ஆம் ஆண்டில் விளக்கினார். நேர்கோட்டை விட வளைவு விரைவு! இதை அறிந்தபின் வளைந்திறங்கும் எந்தப் பறவையையும் சும்மா விட்டுப் போக முடியவில்லை.

*

நேர் மேலிருந்து பார்த்தால் நாலடி ஆழத்து மீன் மூன்றடியில் தெரியும். சரிவில் பார்த்தால் பிழை கூடும். மீன்கழுகு மேலே வரும் மீனுக்குக் காத்திருப்பதில் இந்த லாபமும் உண்டு: ஆழம் குறையக் குறையப் பிழையும் குறையும். குளிர்காலத்தில் வரும் விராலடிப்பான் நீருக்குள்ளேயே பாயும், அதுவும் ஏறத்தாழ மூன்றடிதான்.

பட்ட மரத்தை விறகென்று வெட்டக்கூடாது. கழுகு பார்த்திருக்கும் இடமே அதுதான். குளம் கலங்கினாலும் அந்தக் கண் வீண்.

*

கரைவலை இழுக்கும் இடங்களில் செம்பருந்து. மீன் தெரியுமுன்பே ஆட்கள் கூடுவதைக் கண்டு வருகிறதென்றே நினைக்கிறேன். ஒன்று தாழ்ந்தால் மற்றவையும் தாழ்கின்றன.

*

எலி இனங்களின் மூத்திரத் தடத்தைப் புறஊதா ஒளியில் வல்லூறு காணும் என்று 1995இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அழகான கதை, எங்கும் பரவியது. 2013இல் வந்த ஆய்வு அதைச் சந்தேகித்தது: அந்தக் கண்கள் புறஊதாவில் பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை.

வெள்ளாமைக்கு மேலே கருந்தோள் பருந்து செய்வது இன்னும் எளிது. சிறகடித்து ஓரிடத்திலேயே நிற்கிறது, தலை ஆடாமல். கண் நிலைத்துவிட்டால், வரம்பில் அசையும் எலி தானாகத் தெரியும்.