கலாய் தேய்ந்த தேக்சா

உம்மா நமக்கு விட்டுச் சென்றவற்றுள் செம்புத் தேக்சா ஒன்றும் உண்டு. இல்லத்தில் ஒரு நிக்காஹ் நடந்த இரவு, எஞ்சிய புளிக்குழம்பு விடியும்வரை அதிலேயே இருந்துவிட்டது. உட்புறக் கலாய் தேய்ந்து செந்நிறம் தெரிவதை முன்பே கண்டிருந்தும், பூசுபவரைத் தேடச் சோம்பி வாளாவிருந்தவர் நாமே. காலையில் அதனை உண்ட சிறார் மூவர் அடுத்தடுத்து வாந்தியெடுத்தனர். புளிப்பில் செம்பு கரைந்ததே காரணமென்றார் மருத்துவர். மாலைக்குள் தேறிவிட்டனர், அல்ஹம்துலில்லாஹ். நமக்கோ அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

சகோதரியின் மகள் உயிரியல் கற்பவள். உலோகம் உடலைச் சுட்டழிக்கிறதா என வினவினோம். "பிள்ளைகளுக்கு நேர்ந்தது வயிறு தந்த எச்சரிக்கை, மாமா. ஆனால் உலோகம் மிகுந்தால் உயிரணுக்கள் மடிவது ஒரே வகையில் அன்று" என்றாள்.

ஒன்று நெக்ரோஸிஸ்: உயிரணு வீங்கி வெடித்து, அக்கம்பக்கத்தையும் அழற்சிக்குள்ளாக்கும். மற்றொன்று, தன்னைத்தானே ஒழுங்காகச் சுருக்கித் துண்டுகளாகி, அண்டை அணுக்களுக்கு இரையாகி மறைவது. 1972இல் கெர், வைலி, கரீ என்னும் மூவர் இதற்கு அபொப்டோஸிஸ் எனப் பெயரிட்டனர். கிரேக்கத்தில் இலை உதிர்தலைக் குறிக்கும் சொல். காட்மியம் சிறிதளவாயின் உயிரணுவை இவ்வாறு உதிர்க்கும். மிகுந்தால் வெடிக்கச் செய்யும். ஜப்பானின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவாய்க் கலந்த அந்தக் காட்மியம், அரிசி வழியே மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்னும் பொருள்பட 'இத்தாய் இத்தாய்' என்றே அந்நோய்க்குப் பெயர். 1968இல்தான் அரசு அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது.

காட்மியமாவது உடலுக்கு வேண்டாத அந்நியப் பொருள். இரும்பும் செம்பும் அவ்வாறல்லவே! அவையின்றி நமக்கு வாழ்வில்லை. திருமறையில் இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே இருப்பதை நாம் பல்லாண்டு பாடம் சொல்லியிருக்கிறோம். அந்த இரும்பே அளவு மீறினால் உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வைத் துருப்பிடிக்க வைப்பதுபோல் கெடுத்துக் கொல்லுமாம். 2012இல் இதற்கு ஃபெரோப்டோஸிஸ் எனப் பெயர் வந்தது. வைட்டமின் 'ஈ' இதனைத் தடுக்கவல்லது.

செம்பின் வழி வேறு. உயிரணுவுக்குள் ஆற்றல் பிறக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், லிப்போயிக் அமிலம் பூண்ட புரதங்களைப் பற்றி அவற்றைக் கட்டிகட்டியாய்த் திரளச் செய்கிறது. இதனை வெளியிட்ட ஆண்டு 2022. ஏனைய சாவுகளைத் தடுக்கும் மருந்துகளால் இச்சாவு நிற்கவில்லை என்பதாலேயே தனி வகையென அறிந்தனராம். செம்பை வெளியேற்ற இயலாத வில்ஸன் நோயாளரின் ஈரல் சிதைவதில் இதற்குள்ள பங்கை இன்று ஆராய்கின்றனர்.

இவற்றுக்கெல்லாம் தமிழ்ச்சொல் தருமாறு மருமகள் கேட்டாள். அபொப்டோஸிஸுக்கு 'உதிர்வு' என்றோம், மகிழ்ந்தாள். 'இரும்புச்சாவு', 'செம்புச்சாவு' என்றதும் முகம் சுளித்தாள். நமக்கும் அவை ஒப்பவில்லை.

சென்ற வாரம் கலாய் பூசுபவர் ஒருவர் கிடைத்தார். கலாய் என்பது வெள்ளீயத்தைக் குறிக்கும் 'கல்ஈ' என்னும் அரபுச்சொல்லின் வழி வந்தது. தமிழிலோ வெள்ளீயம், காரீயம் இரண்டுமே ஈயம். பின்னது மூளைக்கே கேடு. ஆகவே அவர் கொணர்ந்த கட்டியைக் காரீயம் கலவாததுதானா எனக் கேட்டோம். இதுவரை எவரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றார். துருத்தி அடங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தோம்.