முதல் ரைபிள்

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகன், கூட வேலை செய்கிறவர்களோடு வருகிற பருவத்தில் மான் வேட்டைக்குப் போக உத்தேசித்திருப்பதாகவும், நெடுந்தூரத்திலிருந்து சுடுவதற்கு ஏற்ற முதல் ரைபிள் எது, அதற்கு எந்தக் காலிபர், அதாவது எந்தத் தோட்டா அளவு, உசிதம் என்பதில் சித்தப்பாவின் அபிப்பிராயம் வேண்டுமென்றும் எழுதியிருந்தான். இளமையில் ஒரு ரைபிள் சங்கத்தில் .22 துப்பாக்கியால் காகித இலக்குகளைச் சுட்டதும், வேட்டை நூல்களைச் சலிக்காமல் படித்ததும் தவிர இந்த விஷயத்தில் எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. நான் துப்பாக்கி பிடிக்கும் வயதை அடைவதற்குள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் தேசத்தில் வேட்டைக்குப் பெரும்பாலும் கதவை அடைத்துவிட்டது. ஆனாலும், கேட்காதபோதே அபிப்பிராயம் சொல்லிப் பழகிய வாய், கேட்ட பிறகு சும்மா இருக்குமா?

அவன் அனுப்பிய பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். 1906-இல் அமெரிக்கப் படைக்காக வகுக்கப்பட்ட .30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கி, 1925-இல் வந்த .270 வின்செஸ்டர், 1952-இல் வந்த .308 வின்செஸ்டர், அறுபதுகளில் பிறந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம், 2007-இல் ஹார்னடி கம்பெனி வெளியிட்ட 6.5 கிரீட்மோர் வரையில், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் ஜாதகங்களை அருகருகே வைத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல், ரவையின் எடை, வேகம், தாக்கும் சக்தி எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியிருந்தான். 500 கஜத்தில் எப்படி, 800 கஜத்தில் எப்படி என்பதற்கெல்லாம் கட்டங்கள் இருந்தன. சுடுகிறவனுக்கு மட்டும் ஒரு கட்டமும் இல்லை.

பட்டியலில் கிரீட்மோர் என்ற பெயரைக் கண்டதும் என் மனம் வேறு பக்கம் போய்விட்டது. அது நியூயார்க் நகரத்தை அடுத்த லாங் ஐலண்டில் இருந்த ஒரு துப்பாக்கி மைதானத்தின் பெயர். 1874 செப்டம்பரில் அங்கே அயர்லாந்துக் குழுவுக்கும் அமெரிக்கக் குழுவுக்கும் 800, 900, 1,000 கஜ தூரங்களில் பெரும் பந்தயம் நடந்தது. அயர்லாந்துக்காரர்கள் குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்திருந்தார்கள். அவற்றைச் செய்த ஜான் ரிக்பியே அந்தக் குழுவில் ஒருவர். அமெரிக்கர்களுடையவை பின்புறம் தோட்டா போடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். முடிவில் அமெரிக்கர்கள் 934-க்கு 931 என்று மூன்றே புள்ளிகளில் ஜெயித்தார்கள். அந்த மூன்று புள்ளிகளுக்குக் காரணம் துப்பாக்கியின் குணதோஷமன்று. அயர்லாந்து வீரர் ஒருவர் ஒரு முறை தமக்குரிய இலக்கை விட்டுப் பக்கத்து இலக்கைச் சுட்டுவிட்டார். மையத்தில் பட்டும் அந்த ரவைக்குப் பூஜ்யமே கிடைத்தது. மையத்துக்கு நான்கு புள்ளி என்ற கணக்கில், அது உரிய இடத்தில் பட்டிருந்தால் ஜெயம் அயர்லாந்துக்கே போயிருக்கும்.

மைதானத்தில் ஏமாற்றத்தோடு முடிந்துவிடுகிற தவறு, வேட்டையில் அப்படி முடிவதில்லை. நூறு கஜத்துக்குக் குறி சரிபார்த்து வைத்த .308 ரைபிளிலிருந்து புறப்படும் ரவை, 300 கஜத்தில் ஓரடிக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. 500 கஜத்தில் ஏறக்குறைய ஐந்தடி. இந்தத் தாழ்ச்சியை இக்காலத்தில் பெரிய பிரச்சினை என்று சொல்ல முடியாது. லேசர் கருவி தூரத்தை அளந்துவிடும், கைப்பேசி கணக்குப் போட்டுவிடும், ஸ்கோப்பின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பினால் போதும். காற்றுதான் இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாத பிரகிருதி. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அதே ரவையை 500 கஜத்தில் ஒன்றரை அடிக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும்; சுடுகிறவன் கன்னத்தில் படுகிற காற்றும் நடுப்பள்ளத்தாக்கில் வீசுகிற காற்றும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மானின் நெஞ்சில், பட்டால் விரைவில் உயிர் போகும் பகுதியோ எட்டுப் பத்து அங்குல அகலம். மேலும், அவ்வளவு தூரத்தைக் கடக்க ரவைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மேய்கிற மான் ஓரடி எடுத்து வைத்துவிட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும்.

இங்கேதான் காலிபரின் வித்தியாசம் உண்மையாகவே பிரயோஜனப்படுகிறது. நீண்டு மெலிந்த ரவை காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும். 6.5 கிரீட்மோரின் மகிமை எல்லாம் இதுதான்; அதுவும் புதிதன்று. ஸ்வீடன் 1894-லேயே தன் படைக்கு ஏற்றுக்கொண்ட 6.5 மி.மீ. தோட்டாவுக்கும் இதே சுபாவம். அதைக் கொண்டு ஸ்காண்டிநேவியர்கள் பெரிய மூஸ் மான்களைத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வருகிறார்கள். மேக்னம் தோட்டாக்கள் இன்னும் வேகமாகப் போகும் என்பது வாஸ்தவம். ஆனால் .300 மேக்னத்தின் உதை .308-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மலையேறத் தோதாக இலேசான ரைபிளைத் தேர்ந்தெடுத்தால் உதை இன்னும் கூடும். தோளில் நாலு முறை அதை வாங்கினவன், ஐந்தாம் முறை விசையை இழுக்கும் கணத்திலேயே தன்னையறியாமல் கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்கிறான். இந்தச் சுபாவம் ஒரு முறை படிந்துவிட்டால் அதைப் போக்க மாதக்கணக்கில் பிரயாசைப்பட வேண்டும். எத்தனையோ வல்லமையான ரைபிள்கள் இதனாலேயே பெட்டிக்குள் தூங்குகின்றன என்று எனக்குப் பலமான சந்தேகம்.

மேலே சொன்ன ரிக்பி என்றதும் நம்மவர்க்கு வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ஞாபகம் வராமலிராது. மனிதரைத் தின்ற சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் ஸர் ஜான் ஹ்யூவெட் அவருக்குப் பரிசளித்தது .275 ரிக்பி. ஜெர்மானிய மௌஸரின் 7 மி.மீ. தோட்டாவுக்கு ரிக்பி கம்பெனி இட்ட பெயர்தான் அது. ஆர்ப்பாட்டமில்லாத, உதை குறைந்த தோட்டா. 1926-இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை விழுந்தது அந்த ரைபிளுக்குத்தான், அதுவும் ஓர் இரவில் மாமரத்துப் பரணிலிருந்து வெகு அருகில் சுட்டு. அதே காலிபரைக் கொண்டு ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார்; யானையின் மண்டையோட்டைப் பிளந்து பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். நாம் பின்பற்றத் தக்க தொழிலன்று. ஆனால் இடத்தை அறிந்தவனுக்குச் சிறு ரவையே போதும் என்பதற்கு அதைவிடப் பெரிய பிரமாணம் தேவையில்லை.

சம்பாவத் புலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 436 மனித உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட அந்தப் புலியின் வாயைக் கார்பெட் பரிசோதித்தபோது, வலப்பக்கத்துக் கோரைப் பற்களில் மேலது பாதியும் கீழது எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட ரவையின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதே அது மனிதரைத் தேடி வந்ததற்குக் காரணம் என்று அவர் எழுதிவைத்தார். சுட்டவன் வீட்டுக்குப் போய், புலிக்குக் காயம் பட்டதென்று பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பான். வயோமிங்கில் வயிற்றில் ரவை வாங்கிய மான் யாரையும் தின்ன வராது. புதருக்குள் போய், இரண்டு நாள் கிடந்து சாகும். சாட்சி இல்லாத காரணத்தால் அந்தப் பாவம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகையால் அண்ணன் மகனுக்கு எழுதினேன்: 6.5 கிரீட்மோரோ .308-ஓ, இரண்டில் எது பக்கத்துக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறதோ அதை வாங்கு. ஃபின்லாந்தின் டிக்கா, அமெரிக்காவின் ரூகர் போன்ற மிதமான விலை ரைபிள்கள் உனக்குப் போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல ஸ்கோப்பையும், மூன்று ரைபிளுக்கு ஈடான தோட்டாவையும் வாங்கு. மேஜைமேல் சாய்த்துச் சுடும்போது நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் அடங்குகிற அதே ரைபிள், மூச்சிரைக்க மலையேறி, முழங்காலில் கைவைத்துச் சுடும்போது மூன்று அங்குலத்துக்குப் பரவும். 500 கஜத்தில் அது பதினைந்து அங்குலம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, முதல் சில வருஷங்களுக்கு 250 கஜத்துக்கு அப்பால் நிற்கும் எந்த மானையும் ஸ்கோப்பில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள். நெடுந்தூரம் சுடும் ஆசையை இரும்புத் தகட்டு இலக்குகளில் தீர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக இரண்டு விதிகளையும் எழுதினேன். வேலை விசாவில் தங்கியிருக்கிறவன் அந்த நாட்டுச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாகாது. அதற்குள்ள சில விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். வயோமிங்கில் 1966 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக, பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிய சான்றும் வேண்டும். அந்த வகுப்பில் சேர்ந்து தேறிவிட்டு, பிறகு கடைக்குப் போ.