அம்மாவின் வெள்ளைப் புடவை

நேற்று பேரன் என் பழைய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, இந்த நம்பரெல்லாம் என்ன?" என்றான். பாடம் தொடங்கிவிட்டது.

லென்ஸ் வளையத்தில் இருக்கும் 4, 5.6, 8, 11, 16 எல்லாம் துவாரத்துக்கு. எண் கூடினால் துவாரம் சுருங்கும், படிக்குப் படி வெளிச்சம் பாதியாகும். 60, 125, 250 என்பவை ஷட்டர் வேகம். 125 என்றால் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு. துவாரத்தை ஒரு படி சுருக்கினால், ஷட்டரை ஒரு படி மெதுவாக்க வேண்டும். நல்ல வெயிலில் 100 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கு 16, 125 வைத்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவை ஒரு படம் எடுத்தேன். அப்பா போனபின் அம்மாவுக்கு வெள்ளைப் புடவைதான். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். மீட்டர் முள் காட்டியபடியே வைத்தேன். மீட்டருக்கு வெள்ளையும் கறுப்பும் தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்குப் போடும். அதனால் புடவை சாம்பலாகி, அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. இரண்டு படி கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். அடுத்த ரோல் போடுவதற்குள் அம்மா இல்லை. மாலை போட்டிருப்பது அந்தப் படத்துக்குத்தான்.

பேரனிடம் சொன்னேன்: "முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்துக்கோ, அப்புறம் பின்னால வந்து எடு."