பற்றறியில் பிழையில்லை

வாகனங்களின் உள்விவகாரங்களை எழுதும் தகுதி எனக்கில்லை. நான் கலைப்பீடத்தில் படித்தவன். மின்சாரம் என்றால் பாடசாலை விஞ்ஞானத்துடன் நின்றுவிட்டவன். ஆயினும் ஒரு பழைய காரும், அதனால் நான் இழைத்த தவறொன்றும் இந்தப் பத்தியை எழுத வைத்துள்ளன.

எங்கள் வீட்டில் நிற்கும் மொறிஸ் மைனர் 1958 ஆம் ஆண்டுக்குரியது. என்னைவிட மூத்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்குப் பெற்றோலும் பற்றறியும் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தின் ஏனைய பழைய கார்களைப் போலவே அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. காபிரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு, முன்புறத்தில் கைபிடியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் உறுமும். ஸ்ராற்றரைச் சுழற்றப் பற்றறியின் பலத்தை நம்பாமலே ஓடிய கார் அது. அப்படிப்பட்ட கார் பற்றறியால் என்னைச் சோதிக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் அட்டை நடைமுறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றான பின்னரும் நான் சைக்கிளையே நம்பினேன். கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையும் கடற்காற்றும் அதனைச் சும்மா விடவில்லை. மழை ஓய்ந்து மீண்டும் எடுத்தபோது ஸ்ராற்றர் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

பற்றறி போய்விட்டது என்று தீர்மானித்துப் புதியதொன்று வாங்கினேன். இரண்டு நாள் ஓடிய பின் மீண்டும் அதே நிலை. நேரே கடைக்குச் சென்று, கிடந்து பழுதான பற்றறியை என் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தமிட்டேன். அதை எனக்கு விற்ற இளைஞர் மெதுவாக ஏதோ கேட்டார். சமாளிக்கப் பார்க்கிறார் என்று எண்ணி அவரைப் பேசவிடவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க முதலாளி அவரை ஏசிவிட்டு, எனக்கு வேறொரு பற்றறி தந்தார்.

அந்தப் பற்றறியிலும் கார் இயங்கவில்லை.

பிறகுதான் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். மண்ணெண்ணெய்க் காலத்தில் எங்கள் காரைக் காப்பாற்றியவர் அவர்தான். அவர் பொனற்றைத் திறக்கவேயில்லை.

"தம்பி, முன் லைற்றைப் போட்டிட்டு ஸ்ராட் பண்ணிப் பாரும்."

ஸ்ராற்றர் முனகியது. விளக்கு பெரிதாக மங்கவில்லை.

"பற்றறி பலவீனமெண்டால் லைற் அப்பிடியே படுத்திருக்கும். இப்ப சோக் கம்பியைத் தொட்டுப் பாரும்."

தொட்டேன். சுட்டது.

"போன கரண்டுக்குத் திரும்பி வரப் பாதையில்லை. அதுதான் சோக் கம்பிக்குள்ளால வருது. எர்த்தைப் பாப்பம்."

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். எர்த் என்றாலும் இங்கே மண்ணுக்கு வேலையில்லை. ஒரு விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். மின்சுற்றை முடித்துவைப்பது காரின் இரும்பு உடலே. ஆனால் எஞ்சின் இறப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் அது உடலோடு நேரடியாகத் தொடர்புறுவதில்லை. கியர்ப் பெட்டிக்கும் உடலுக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டியொன்று அந்தத் தொடர்பை ஏற்படுத்துகிறது. அந்தப் பட்டி கறளேறினால் மின்னோட்டம் சோக் கம்பி, அக்சிலரேற்றர் கம்பி எனக் கிடைத்த வழியால் போகும். ஸ்ராற்றரைத் தொடர்ந்து இயக்கினால் அக்கம்பிகள் கருகியும் விடும்.

என்னிடம் மீற்றர் இருந்தது. தடையை அளந்தேன், எல்லாம் சரியென்றே காட்டியது. பெரியவர் சிரித்தார். பட்டியில் ஓர் இழை மீந்திருந்தாலும் மீற்றர் நல்லதென்றுதான் சொல்லும். ஸ்ராற்றரோ 100 அம்பியருக்கு மேல் கேட்பது. 100 அம்பியர் ஓடும்போது 0.03 ஓம் தடைகூட 3 வோல்ற்றை விழுங்கிவிடும். ஆகவே சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். மீற்றரை வோல்ற் அளவுக்கு மாற்றி, ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்ராற்றரை இயக்கச் செய்தோம். 3 வோல்ற்றைத் தாண்டியது. அரை வோல்ற் என்றாலே கவனிக்க வேண்டியதாம்.

பட்டியைக் கழற்றுமுன் பற்றறியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். இந்தக் காரில் எர்த் முனை நேர்முனையாகும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவும் அப்படித்தான். இக்காலப் பழக்கத்தில் கறுப்பு வயரைத் தேடிக் கழற்றுபவர் இங்கே ஏமாறுவார்.

பட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உடலில் அது பொருந்தும் இடத்தில் பெயின்ரும் கறளும். வெள்ளை உலோகம் தெரியும்வரை அரத்தாளால் தேய்த்தோம். இழைகள் அறுந்திருந்தமையால் பட்டியைப் புதிதாக மாற்றினோம். பல்லுள்ள வாசர் இட்டு இறுக்கி, மேலே வசிலின் பூசினோம். பற்றறி எர்த் வயர் உடலில் பூட்டியிருக்கும் இடத்தையும் அவ்வாறே செய்தோம். பிரேக்கை மிதிக்கும்போது மங்கிய பின்விளக்கும் அதன் தாங்கியைச் சுரண்டியதும் சீரானது. மீண்டும் அளந்தபோது மீற்றர் 0.2 வோல்ற்றுக்குக் கீழே நின்றது. ஸ்ராற்றர் ஒரே மூச்சில் எஞ்சினைச் சுழற்றியது.

செலவு அற்பம். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரு தரப்பையும் கேட்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாதென்று இளம் நிருபர்களுக்கு ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வந்தவன் நான்.

மறுநாள் கடைக்குச் சென்று முதலாளியின் முன்னிலையிலேயே அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முன்னிலையில்தானே ஏச்சு வாங்கிக் கொடுத்தேன். நான் திருப்பிக் கொடுத்த பற்றறியைச் சோதித்து, நல்லதென்று கண்டு, விலை குறைத்து விற்றுவிட்டார்களாம். அந்த நட்டத்தைத் தருகிறேன் என்றேன். முதலாளி வாங்க மறுத்துவிட்டார்.

"அண்டைக்கு நீர் என்ன கேட்டனீர்?" என்று இளைஞரிடம் வினவினேன்.

அவர் சற்றுத் தயங்கினார்.

"எர்த்தைப் பாத்தனீங்களோ ஐயா எண்டுதான் கேட்டனான்."