ஆற்றுக்குப் போகாத சாக்கடை!

பஞ்சாப் மாநிலம், ஜலந்தர் மாவட்டத்தில் இருக்கிறது சீச்சேவால் கிராமம். சுற்றிலும் கோதுமையும் நெல்லும் மாறி மாறி விளையும் சமவெளி. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு குட்டை. அதில் தேங்கி நிற்பது, வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர். அதுதான் பக்கத்து வயல்களுக்குப் பாசனநீர்.

இந்தக் குட்டை வந்ததற்குக் காரணம் ஓர் ஆறு. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் பிறந்து, சுமார் 160 கிலோமீட்டர் ஓடும் 'காளி பெய்ன்' சீக்கியர்களுக்குப் புனித ஆறு. அதன் கரையில் உள்ள சுல்தான்பூர் லோதியில்தான் குருநானக் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அப்படிப்பட்ட ஆற்றில் ஊர் ஊராகச் சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மண்டி, நீரோட்டமே நின்றுபோனது.

2000-ம் ஆண்டு, துறவி பல்பீர் சிங் சீச்சேவால் ஆற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ள ஆரம்பித்தார். கிராமத்து மக்களும் கூலி வாங்காமல் கைகொடுத்தனர். ஆறு மீண்டும் ஓடியது. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2006-ல் நேரில் வந்து பார்த்தார்.

ஆனால், களையை அள்ளினால் மட்டும் போதாது. சாக்கடை வரும் வரை ஆகாயத்தாமரையும் வரும். 'ஆற்றில் விடாதே' என்று சொன்னால், 'வேறு எங்கே விடுவது?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். சீச்சேவால் காட்டிய பதில், வயல்!

வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியாக ஊர்க்கோடிக்கு வருகிறது. அங்கே அடுத்தடுத்து கிணறு போன்ற தொட்டிகள். தண்ணீர் சுழன்று இறங்கும்போது மண்ணும் கசடும் அடியில் தங்கிவிடும். எண்ணெய், நுரை, குப்பை மேலே மிதந்து பிரிந்துவிடும். மீதி நீர் குட்டைக்குப் போகும். அங்கே பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனைக் கொடுக்க, நுண்ணுயிரிகள் கழிவை மட்கச் செய்கின்றன. பிறகு மோட்டார் மூலம் வயலுக்குப் பாய்ச்சப்படுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரோடு சேர்ந்தே வருவதால் உரச்செலவு குறையும். நிலத்தடி நீர் வேகமாக இறங்கிவரும் பஞ்சாபில், ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஓய்வு.

இந்த முறையை மற்ற ஊர்களும் பின்பற்றலாம். அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆலைக் கழிவு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் காய்கறி, கீரைகளுக்கு இந்த நீர் வேண்டாம். குடற்புழு முட்டைகள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பாய்ச்சுபவர்கள் காலில் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. குட்டை பச்சையாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கறுத்து, குமிழி விட்டு, நாற்றம் அடித்தால் கழிவு அளவுக்கு மீறி வருகிறது என்று அர்த்தம். தொட்டிக் கசடை அவ்வப்போது எடுக்காவிட்டால், சில ஆண்டுகளில் குட்டையே பழைய சாக்கடையாகிவிடும்.

காளி பெய்ன் ஆற்றுக்கும் ஆபத்து முழுவதுமாக நீங்கவில்லை. மேலேயுள்ள ஊர்களின் கழிவு கலந்து, மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகளும் பிறகு வந்திருக்கின்றன. ஓர் ஊர் தன் சாக்கடையை நிறுத்திவிட்டது. ஆறு பிழைக்க, கரையோர ஊர்கள் எல்லாமே நிறுத்த வேண்டும்.