ரெண்டு சாம்பலும் அம்மாவோட ரெண்டு கண்ணும்

போன வாரம் பூரா எங்க வீட்ல சாம்பல் பஞ்சாயத்து. அப்பா போனப்புறம் அம்மா இனி எங்களோடதான். டல்லாஸ் வீட்டுல வடக்குப் பார்த்த சின்ன ரூமை அவங்களுக்கு ஒழிச்சுக் குடுத்தாச்சு. பழைய ரோஸ் கலர் சுவரை மாத்தியே ஆகணும்னு தங்கமணி உத்தரவு.

ஷெர்வின் வில்லியம்ஸ்ல ரெண்டு சாம்பிள் வாங்கினோம். அக்ரீயபிள் கிரே (7029), ரிபோஸ் கிரே (7015). கடை வெளிச்சத்துல வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஒரு ஃபில்டர் காபி பரிசு! ஒரு கலர் எவ்ளோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுன்னு ஒரு கணக்கு இருக்கு. சுத்தக் கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100. இதுல முதலாவது 60, ரெண்டாவது 58. ரெண்டு மார்க்குக்கா இந்த அக்கப்போர்?

சுவத்துல ரெண்டு கோட் அடிச்சதும்தான் வண்டவாளம் தெரிஞ்சுது. வடக்கு ஜன்னல்ல நேர் வெயில் வராது, வானத்தோட நீல வெளிச்சம்தான். அதுல ரிபோஸ் லேசா ஊதா தட்டுச்சு. அக்ரீயபிள்ல மணல் கலந்த மாதிரி ஒரு பழுப்பு இருக்கறதால தாங்கிக்கிச்சு. ராத்திரி மஞ்சள் பல்பு போட்டா கதை தலைகீழ். ரிபோஸ் சமத்துப் பிள்ளை, அக்ரீயபிள் டீக்கறை.

தங்கமணி ரிபோஸ் கட்சி, நான் எதிர்க்கட்சி (வேற வழி?). தீர்ப்புக்கு அம்மாவைக் கூப்பிட்டோம்.

"வீட்டுச் சுவத்துக்கு யாராச்சும் சாம்பலைப் பூசுவாங்களாடா?"ன்னுட்டு, ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாங்க. அப்புறம் இன்னொண்ணை.

"வலது கண்ணுக்கு நீலமாத் தெரியுது. இடது கண்ணுக்கு செம்மண் தண்ணியாட்டம் இருக்கு. நீங்க எதைச் சொல்றீங்க?"

மதுரையில அம்மாவுக்கு வலது கண்ணுல புரை ஆபரேஷன் ஆன மறுவாரம்தான் அப்பா போனார். அதோட இடது கண்ணை எல்லாரும் மறந்துட்டோம். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுத்துடும், அதை எடுத்ததும் நீலம் பளிச்னு தெரியும்னு டாக்டர் அப்பவே சொன்னார். தலையாட்டினது நான்தான். இத்தனை மாசமா அம்மா எல்லாத்தையும் ரெண்டு கலர்லதான் பார்த்துட்டு இருந்திருக்காங்க.

"ஏம்மா சொல்லவேயில்ல?"

"நீங்கள்லாம் காரியத்துல ஓடிட்டு இருந்தீங்க. இதைப் போய் என்னத்தச் சொல்றது?"

தங்கமணி அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டா. அடுத்த மாசம். பெயிண்ட் வேலையை நிறுத்தியாச்சு. ரோஸ் சுவத்துல ரெண்டு சாம்பல் சதுரம் அப்படியே இருக்கு. அம்மா தினமும் காலைல காபியோட அது முன்னாடி நின்னு, ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பார்த்துக்கறாங்க.